'தி'யா 'ஏ'வா: ஒரு ராத்திரி மெயிலில் தொடங்கிய எட்டு மாத வேலை

ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் என்று சொல்கிற 'ஏ', 'ஆன்', 'தி' மூன்றையும் சேர்த்து எண்ணினால் ஆறே எழுத்துதான். அந்த ஆறு எழுத்தில் ஒன்று இடம் மாறியதால் ஒருவருக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது. அவர் என்னிடம் படிக்க வந்து எட்டு மாதம் ஆனது. என்ன நடந்தது, எதைச் செய்து பார்த்தோம், எது வேலைக்கு ஆகவில்லை, எது ஆனது என்று முழுசாக எழுதி வைக்கிறேன். சென்னையில் இதே சிக்கலோடு தினமும் மெயில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் கம்பெனியும் வேண்டாம்.

அவர் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சப்போர்ட் டீமில் இருக்கிறார், நைட் ஷிப்ட். வெளிநாட்டு கிளையண்ட் ஒருவர், மாதக் கணக்கு ரிப்போர்ட்டில் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்று டிக்கெட், அதாவது புகார், போட்டிருக்கிறார். டீம் ரெண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரி செய்துவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு இவர் அனுப்பிய மெயிலில் முக்கியமான வரி இது: 'வீ ஹேவ் ஃபிக்ஸ்ட் ஏ பிராப்ளம் இன் ரிப்போர்ட்.' அவர் சொல்ல நினைத்தது, நீங்க சொன்னீங்களே அந்தப் பிராப்ளத்தைச் சரி பண்ணிட்டோம் என்று. கிளையண்ட் படித்தது, ஏதோ ஒரு பிராப்ளத்தைச் சரி பண்ணியிருக்கிறார்கள் என்று. உடனே பதில்: எந்தப் பிராப்ளம்? நாங்கள் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறதா? எந்த ரிப்போர்ட்? அப்புறம் ஒரு அவசர ஃபோன் கால், அதில் மேனேஜர், விளக்கம், மன்னிப்பு. வேலை சரியாக முடிந்திருந்தும் முடியாத மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் வடபழனியில் நான் வகுப்பு எடுக்கிற சின்ன அறைக்கு வந்தார். திண்டிவனம் பக்கம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் இன்ஜினியரிங், சென்னைக்கு வந்து ஐந்து வருடம். பேச்சு சரளமாக இருந்தது, காலங்களைச் சரியாகப் போடுகிறார், சொல்வளமும் குறைவில்லை. "எல்லாம் வருது மேடம், இந்த தி மட்டும் வரவே மாட்டேங்குது. எழுதி முடிச்சுட்டு கடைசியில சாம்பார்ல கொத்தமல்லி தூவற மாதிரி அங்கங்க தூவி விட்டுடறேன்" என்றார். அதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார். ஐந்து வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

கிளையண்ட் விவரங்களை எல்லாம் அடித்துவிட்டுப் பழைய மெயில்கள் 20 எடுத்து வரச் சொன்னேன். ரெண்டு மூன்று தடவை படித்தேன். தேவையான இடத்தில் ஒன்றும் போடாமல் விட்டது ஒரு வகை. தேவையில்லாத இடத்தில் 'தி' தூவியது இன்னொரு வகை. 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'ஒன்' என்று எழுதியது மூன்றாவது. தூவியது என்று அவரே சொன்னதால் நானும் இதற்கு ஒழுங்கு எதுவும் இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தப்பு. ஒழுங்கு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாதம் ஆனது.

வீணாய்ப் போன ரெண்டு மாதம்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விதிப் பட்டியல். சூரியனுக்கு, சந்திரனுக்கு 'தி' வரும். ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் 'தி' வரும், தனி மலைக்கு வராது. நாட்டின் பெயருக்கு வராது, ஆனால் தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி நெதர்லாண்ட்ஸ். சாலைக்கு வராது. 'மிக உயரமான' என்கிற மாதிரி சூப்பர்லேட்டிவுக்கு வரும். இப்படியே ரெண்டு பக்கம்.

அவர் அதை ஓ.எம்.ஆரில் கம்பெனி வேனில் போகும்போது மனப்பாடம் செய்தார். நல்ல மாணவி, ஒன்று விடாமல் ஒப்பிப்பார். விளைவு என்னவென்றால், பட்டியலில் இருக்கிற இடங்கள் சரியானது, பட்டியலில் இல்லாத இடங்களில் பயம் அதிகமானது. பயத்தில் 'தி' இன்னும் கூடியது. ஒரு மெயிலில் 'தி சென்னை ஆபீஸ்' என்று சரியாக எழுதியவர், அடுத்த வரியிலேயே 'ஃபிரம் தி சென்னை' என்று எழுதியிருந்தார்.

ஊர்ப் பெயர்களை வைத்தே விளக்கலாம் என்று அப்போது கொஞ்சம் சுற்றினோம், அது மட்டும் வீண் போகவில்லை. அடையாறு என்று ஏரியாவைச் சொன்னால் ஆர்ட்டிகிள் கிடையாது, 'ஐ லிவ் இன் அடையாறு'. அதே பெயரை ஆற்றுக்குச் சொன்னால் 'தி அடையாறு'. கூவமும் 'தி கூவம்', பக்கிங்ஹாம் கால்வாயும் 'தி பக்கிங்ஹாம் கெனால்', வங்காள விரிகுடா 'தி பே ஆஃப் பெங்கால்'. அண்ணா சாலைக்கு வேண்டாம், பழைய பெயரான மவுண்ட் ரோடுக்கும் வேண்டாம். 1857-ல் தொடங்கிய நம்ம பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 'மெட்ராஸ் யூனிவர்சிட்டி' என்றால் ஒன்றும் வேண்டாம், 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்றால் கட்டாயம் வேண்டும். இடம் ஒன்றுதான், 'ஆஃப்' வந்து உட்கார்ந்ததும் முன்னால் 'தி' வந்துவிடுகிறது. 1878-ல் இந்த ஊரில் தொடங்கிய ஆங்கிலப் பத்திரிகைக்குப் பெயரிலேயே 'தி' உண்டு. 2013-ல் அதன் தமிழ்ப் பதிப்பு வந்தபோது 'தி இந்து' என்றே தமிழ் எழுத்தில் போட்டார்கள். ஆர்ட்டிகிளே இல்லாத மொழியில் ஒரு நாளிதழின் தலையில் ஆர்ட்டிகிள் இருந்தது எனக்கு ஆச்சரியமான விஷயம். பிறகு அந்தப் பெயர் மாறிவிட்டது.

இதெல்லாம் சுவையாக இருந்தது. ஆனால் அவர் ராத்திரி எழுதுகிற மெயிலில் கூவமும் வராது, வங்காள விரிகுடாவும் வராது. சர்வர், ஃபைல், டிக்கெட், ரிப்போர்ட் இதுதான் வரும். அங்கே பட்டியல் கைகொடுக்கவே இல்லை.

29சி

திருப்பம் வந்தது ஒரு சனிக்கிழமை. தாமதமாக வந்தார், வந்ததும் தமிழில் காரணம் சொன்னார்: "ரொம்ப நேரம் நின்னேன் மேடம், 29சி வரவே இல்ல, அப்புறம் ஒரு பஸ் வந்தது, அதுல ஏற முடியல, கடைசியில ஆட்டோ பிடிச்சு வந்தேன்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தில் ஆங்கில ஆர்ட்டிகிள் செய்கிற வேலை அத்தனையும் நடந்திருக்கிறது, ஒரு தப்பும் இல்லை. 'ஒரு பஸ் வந்தது' என்றார், ஏனென்றால் அந்த பஸ்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்ததாக 'அதுல' என்றார், ஏனென்றால் இப்போது எனக்கும் தெரியும். 'ஆட்டோ பிடிச்சு' என்றார், 'ஆட்டோவைப் பிடிச்சு' என்று சொல்லவில்லை. எந்த ஆட்டோ என்பது முக்கியம் இல்லை. வெறும் 'பஸ் வந்துடுச்சு' என்று அவர் சொல்லியிருந்தால் காத்திருந்த பஸ் வந்துவிட்டது என்றே புரிந்துகொண்டிருப்பேன், 'ஒரு பஸ் வந்துடுச்சு' என்று யாரும் அங்கே சொல்லமாட்டார்கள்.

நாம் தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். தனியாக ஒரு சொல் இல்லை, அது உண்மை. அந்தச் சொல் செய்கிற வேலை தமிழில் இல்லவே இல்லையா? இருக்கிறது. 'ஒரு'வில் கொஞ்சம், 'அந்த'வில் கொஞ்சம், வேற்றுமை உருபு 'ஐ'யில் கொஞ்சம், சொல் நிற்கிற இடத்தில் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது. 'கிணத்துல தண்ணி இருக்கு' என்பதும் 'தண்ணி கிணத்துல இருக்கு' என்பதும் நமக்கு வேறு வேறு. முதலாவது தண்ணீர் உண்டு என்கிறது, ரெண்டாவது நாம் பேசிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் எங்கே என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் இரண்டாவதற்கு 'தி வாட்டர்' வரவேண்டும். தமிழில் சொல்லை முன்னால் நகர்த்தினாலே போதும்.

பள்ளியில் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று படித்திருப்போம், 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' மறைந்து நிற்கிறது என்று. மறைந்து நின்றாலும் பொருள் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. பேசும்போது நாம் அப்படியா நடந்துகொள்கிறோம்? 'பொண்ணு பார்க்கப் போனாங்க' என்றால் சம்பந்தம் தேடுகிறார்கள், எந்தப் பெண் என்பது இன்னும் முடிவாகவில்லை. 'பொண்ணைப் பார்க்கப் போனாங்க' என்றால் ஒரு குறிப்பிட்ட பெண், அவர் ஆஸ்பத்திரியில்கூட இருக்கலாம். ஒரே ஓர் 'ஐ' எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள். இதைச் சொன்னபோது அவர் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத நான் யோசிச்சதே இல்ல மேடம், ஆனா எப்பவும் கரெக்டாதான் சொல்றேன்" என்றார். இதே ஆள்தான் ஐந்து வருடமாகத் தனக்கு ஆர்ட்டிகிள் வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர்.

ஆங்கிலத்திலும் இவை வானத்தில் இருந்து விழவில்லை. 'ஏ', 'ஆன்' ரெண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்கிற எண்ணைக் குறித்த 'ஆன்' என்ற சொல்லில் இருந்து தேய்ந்து வந்தவை. 'தி' வந்தது அந்த, இந்த என்று சுட்டுகிற சொல்லில் இருந்து. அதாவது அவர்களுடைய 'ஒரு'வும் அவர்களுடைய 'அந்த'வும்தான் நடந்து நடந்து தேய்ந்து ஆர்ட்டிகிள் ஆயின. 'ஒரு ஊர்ல ஒரு பாட்டி, அந்தப் பாட்டி வடை சுட்டா' என்று நாம் கேட்டு வளர்ந்தது அப்படியே 'ஏ'யும் 'தி'யும்தான்.

'ஐ' உடைந்த இடம்

சரி, சாவி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன்: எழுதுவதற்கு முன் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'ஐ' வந்தால் 'தி', வராவிட்டால் வேறு. ரெண்டு வாரம் பிரமாதமாக வேலை செய்தது. 'ஃபைலை அனுப்பிட்டேன்', தி ஃபைல். 'சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன்', தி சர்வர். விட்டுப்போன 'தி'யெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

மூன்றாவது வாரம் வேறு ஒரு தப்பு தலைகாட்டியது. ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கிற ஹேண்டோவர் மெயிலின் முதல் வரி: 'ஐ க்ளோஸ்ட் தி டிக்கெட்.' படிக்கிறவருக்கு எந்த டிக்கெட் என்றே தெரியாது, அதற்கு முன் பேச்சே இல்லை. ஏன் 'தி' போட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணேன், ஐ வருதே மேடம்" என்றார். நான் கொடுத்த விதியைத்தான் அவர் அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

அங்கேதான் எனக்கு உண்மையாகவே புரிந்தது. 'ஒரு புத்தகம் தேடறேன்' என்றால் ஏதோ ஒன்று, ரயிலில் படிக்க. 'ஒரு புத்தகத்தைத் தேடறேன்' என்றால் என் மனதில் ஒரு குறிப்பிட்ட புத்தகம் இருக்கிறது, நேற்று இங்கே வைத்தது. ஆனால் கேட்கிற உங்களுக்கு அது என்ன புத்தகம் என்று தெரியாது. ஆங்கிலத்தில் ரெண்டுக்குமே 'ஏ புக்'தான். 'ஐ' சொல்வது பேசுகிறவர் மனதில் இருப்பதை. 'தி' சொல்வது கேட்கிறவரும் அடையாளம் காண முடியுமா என்பதை. தமிழ் 'எனக்குத் தெரியும்' என்பதைக் குறிக்கிற இடத்தில் ஆங்கிலம் 'உனக்கும் தெரியும்' என்பதைக் கேட்கிறது.

இது நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற தடுமாற்றம் இல்லை. ரஷ்ய மொழியிலும் கொரிய மொழியிலும் ஆர்ட்டிகிள் கிடையாது. அந்த ரெண்டு மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று அயோனின், கோ, வெக்ஸ்லர் என்ற மொழியியல் ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தப்புகள் கண்டபடி வரவில்லை, பேசுகிறவர் மனதில் குறிப்பிட்ட பொருள் இருக்கிறபோது, கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும், 'தி'யைக் கூடுதலாகப் போடுகிறார்கள் என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய பகுதி. இவருடைய டிக்கெட் தப்பும் அதே வார்ப்புதான். 20 மெயில்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தூவியது என்று நான் நினைத்த 'தி'களில் பெரும்பாலானவை அவருக்கு நன்றாகத் தெரிந்த, படிக்கிறவருக்குத் தெரியாத பொருள்களின் முன்னால் நின்றன. அவர் தூவவே இல்லை. தன் மனதில் தெளிவாக இருந்ததைத்தான் குறித்திருந்தார்.

அதன் பிறகு விதிப் பட்டியலையும் 'ஐ'யையும் ஓரம் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியில் நின்றோம். எழுதிய சொல்லைப் படித்ததும் எதிரில் இருக்கிறவர் 'எந்த?' என்று கேட்பாரா? கேட்பார் என்றால் 'ஏ'. 'அந்த', சரி, என்று தலையாட்டிக்கொண்டு மேலே படிப்பார் என்றால் 'தி'. அ சுட்டெழுத்து, எ வினா எழுத்து என்று ஆறாவதிலேயோ ஏழாவதிலேயோ படித்தது, இங்கே வந்து உதவியது.

பழைய மெயிலை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். 'ஏ பிராப்ளம்' என்று எழுதினார், கிளையண்ட் கேட்ட முதல் கேள்வியே 'எந்தப் பிராப்ளம்?'. ரிப்போர்ட்டுக்கு முன்னால் ஒன்றுமே போடவில்லை, கடைசிக் கேள்வி 'எந்த ரிப்போர்ட்?'. ஆர்ட்டிகிள் சொல்லிக்கொடுத்ததைத்தான் கிளையண்ட் கேட்டிருக்கிறார்.

மீட்டர் போடாத ஆட்டோ

இந்தக் கேள்வியை ஒரு தடவை பேசியதும் மறு தடவை பேசியதும் என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. பல புத்தகங்கள் முதல் தடவை 'ஏ', ரெண்டாவது தடவை 'தி' என்றே நிறுத்திவிடுகின்றன. அது பாதிதான்.

ஆட்டோ கதையையே தொடரச் சொன்னேன். "ஆட்டோ பிடிச்சேன், டிரைவர் மீட்டர் போடல, ரேட்டு கேட்டா அதிகமா சொன்னார்." டிரைவர் இப்போதுதான் முதல் தடவை வருகிறார், மீட்டரும் முதல் தடவைதான். ஆனாலும் 'எந்த டிரைவர்?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆட்டோ என்று சொன்னதுமே டிரைவரும் மீட்டரும் கூடவே வந்துவிட்டார்கள். அதனால் ஆங்கிலத்தில் 'ஆன் ஆட்டோ', உடனே 'தி டிரைவர்', 'தி மீட்டர்'. தமிழில் 'அந்த டிரைவர்' என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை, வெறும் 'டிரைவர்' போதும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், தமிழில் ஒன்றும் இல்லையே என்று ஆங்கிலத்திலும் ஒன்றும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கல்யாணம் என்றால் பொண்ணு, மாப்பிள்ளை, சாப்பாடு. கம்ப்யூட்டர் என்றால் ஸ்கிரீன், கீபோர்டு. அவருடைய வேலையில் சர்வர் என்றால் லாக், டிஸ்க், பாஸ்வேர்டு. ஒரு வாரம் முழுக்க இதை மட்டுமே செய்தோம், ஒரு பொருளைச் சொல்லி அதோடு கூடவே வருகிறவற்றை அடுக்குவது. அவர் எழுத்தில் அதிக மாற்றம் வந்தது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு.

சூப்பர்லேட்டிவும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். ஊரிலேயே உயரமான கட்டடம் என்றால் ஒன்றுதானே இருக்க முடியும், 'எந்த?' என்று கேட்க இடமில்லை. கடைசி பஸ், முதல் மாடி, சூரியன் எல்லாம் அப்படித்தான். ரெண்டு பக்கப் பட்டியலில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில் கரைந்துபோனது.

'ஒரு' படுத்தும் பாடு

'எந்த?' என்ற கேள்வி தீர்க்காத இடம் ஒன்று உண்டு. 'ஒரு' என்று நாம் சொல்கிற எல்லா இடத்திலும் ஆங்கிலம் 'ஏ' போட விடாது.

'எனக்கு ஒரு வேலை இருக்கு' என்பதை அப்படியே 'ஐ ஹேவ் ஏ வொர்க்' என்கிறோம், சென்னையில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் 'வொர்க்' எண்ண முடியாத சொல், தண்ணீர் மாதிரி. 'சம் வொர்க்' என்று சொல்லலாம், 'ஏ' வேண்டுமென்றால் 'டாஸ்க்' என்று சொல்லை மாற்ற வேண்டும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக், லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட் எல்லாம் இதே கூட்டம். தமிழில் 'ஒரு அட்வைஸ் சொல்றேன் கேளு' என்பது இயல்பு, அதனால்தான் 'ஆன் அட்வைஸ்' வந்துவிடுகிறது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது, சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்லவேளையாக ஒருவர் வேலையில் அடிக்கடி வருகிற சொற்கள் இருபதைத் தாண்டாது.

'ஒரு பத்து நிமிஷம்' இன்னொன்று. இங்கே 'ஒரு' என்பதற்கு ஏறக்குறைய என்று பொருள். 'ஒன் டென் மினிட்ஸ்' என்று இவர் ஃபோனில் சொன்னால் வெளிநாட்டில் இருப்பவர் குழம்பிப்போவார். 'அபௌட் டென் மினிட்ஸ்' என்று மாற்றினோம். 'ஒன்' என்ற மூன்றாவது வகைத் தப்பு பெரும்பாலும் இதோடு போய்விட்டது.

அப்புறம் 'ஃபியூ'. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். 'வீ ஹேவ் ஏ ஃபியூ டவுட்ஸ்' என்றால் சில சந்தேகங்கள் இருக்கின்றன. 'ஏ' இல்லாமல் 'வீ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்' என்றால் சந்தேகமே அனேகமாக இல்லை. ஓர் எழுத்து விட்டுப்போனால் பொருள் தலைகீழ். 'லிட்டில்', 'ஏ லிட்டில்' ரெண்டுக்கும் அதே கதி.

யெம்.எல்.ஏ.

'ஏ'யா 'ஆன்'ஆ என்பது எழுத்தைப் பொறுத்தது இல்லை, ஒலியைப் பொறுத்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு கண்ணியும் உண்டு.

வசதி இது: அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'ஏ'. 'யூனிவர்சிட்டி' என்று எழுதினால் 'யூ' உயிர்மெய், அதனால் 'ஏ யூனிவர்சிட்டி'. மணிநேரத்துக்கான ஆங்கிலச் சொல்லை 'அவர்' என்று எழுதினால் அ, அதனால் 'ஆன் அவர்'. எம்.எல்.ஏ., எல்.ஐ.சி. ஏஜென்ட், ஐ.ஐ.டி. எல்லாவற்றுக்கும் 'ஆன்'. யு.பி.எஸ். என்பதைப் பேச்சில் உள்ளபடி 'யூ' என்று எழுதினால் 'ஏ'. ஆங்கில எழுத்து மறைக்கிற ஒலியை நம் எழுத்து வெளியே காட்டிவிடுகிறது. 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று நாமே உயிருக்கு ஒன்றும் மெய்க்கு ஒன்றும் வைத்திருக்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

கண்ணி எங்கே என்றால், பேசும்போது 'எ'வில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் நம் வாயில் ஒரு 'ய்' தானாக ஒட்டிக்கொள்கிறது. எலி 'யெலி' ஆகிறது, எம்.எல்.ஏ. 'யெம்.எல்.ஏ.' ஆகிறது. அந்த 'ய்' மெய் என்பதால் காது 'ஏ' போடச் சொல்கிறது, 'ஏ எம்.எல்.ஏ.' என்று வந்துவிடுகிறது. 'ஒ', 'ஓ'வுக்கு முன்னால் 'வ்' ஒட்டுவதும் இப்படித்தான், 'ஆன் ஓனர்' என்று வரவேண்டிய இடத்தில் அது இடைஞ்சல். 'ஒன்' என்ற சொல் இதற்கு நேர்மாறு, தமிழில் ஒ போட்டு எழுதுகிறோம், ஆங்கிலத்தில் 'வ' ஒலி, ஆகவே 'ஏ ஒன்-ருப்பீ காயின்'தான் சரி. அவருடைய தப்பில் இந்த வகை குறைவு. மூன்று வகுப்பில் முடிந்தது.

இந்த 'ன்' வரலாற்றில் செய்த வேலை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சமையலறையில் கட்டுகிற ஏப்ரன் முன்பு 'நாப்ரன்'. 'ஏ நாப்ரன்' என்பதைக் காது 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துவிட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. ஆரஞ்சும் முன்பு ந-வில்தான் தொடங்கியது. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங். அதன் மூலம் திராவிட மொழிதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், நம் நாரத்தங்காயைப் பக்கத்தில் வைத்தால் உறவு தெரியும். ஐரோப்பாவில் அந்த ந், ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே, இத்தாலியன், பிரெஞ்சு பக்கம் உதிர்ந்துபோனது. அங்கேயும் முன்னால் நின்ற ஆர்ட்டிகிளின் 'ன்' அதை விழுங்கியதுதான் காரணம் என்கிறார்கள். இதைக் கேட்ட அன்று அவர் பையில் இருந்த ஆரஞ்சை எடுத்து மேசையில் வைத்தார், ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

எட்டாவது மாதம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நோயாளியாகப் படுத்திருந்தால் பிரிட்டிஷ் வழக்கில் 'இன் ஹாஸ்பிட்டல்', பார்க்கப் போனவர் 'அட் தி ஹாஸ்பிட்டல்', அமெரிக்கர்கள் ரெண்டுக்குமே 'தி' போடுவார்கள். இவருடைய கிளையண்ட்களில் ரெண்டு நாட்டவரும் உண்டு, இந்த இடத்தில் இன்னும் நின்று யோசிக்கிறார். பொதுவாகப் பேசும்போது, அதாவது சர்வர்கள் சூடாகும் என்கிற மாதிரி, 'தி' வேண்டாம் என்பது பாதி நேரம் மறந்துபோகிறது. ராத்திரி நான்கு மணிக்கு எழுதுகிற மெயிலும் மாலை ஏழு மணிக்கு எழுதுகிற மெயிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை, தூக்கம் வந்தால் முதலில் உதிர்வது ஆர்ட்டிகிள்தான்.

ஆனால் தூவுவது நின்றுவிட்டது. ஒவ்வொரு 'தி'க்கும் காரணம் கேட்டால் சொல்கிறார், தப்பான 'தி'க்கும் காரணம் சொல்கிறார், அதனால் திருத்துவது சுலபமாக இருக்கிறது. நானும் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது பட்டியலைக் கொடுப்பதில்லை, வந்த வழியைத் தமிழில் சொல்லச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

போன மாதம் அதே கிளையண்ட்டிடம் இருந்து அதே மாதிரி ஒரு டிக்கெட். சரி செய்துகொண்டிருக்கும்போது அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு கோளாறும் கண்ணில் பட்டிருக்கிறது. அனுப்பிய மெயிலை எனக்குக் காட்டினார். 'வீ ஹேவ் ஃபிக்ஸ்ட் தி பிராப்ளம்' என்று முதல் வரி. ரெண்டாவது வரியில் 'வீ ஆல்ஸோ ஃபவுண்ட் ஏ பிராப்ளம் இன் தி பேக்கப்.' மூன்றாவது வரியில் அது என்ன பிராப்ளம் என்ற விவரம்.

"ஏ போட்டா எந்தன்னு கேப்பாங்கன்னு தெரியும் மேடம்" என்றார், "அதான் கேக்கறதுக்கு முன்னாடியே அடுத்த வரியில எழுதிட்டேன்."